முத்துக்குளித்துறைக் களக்குறிப்புகளும் லினக்ஸ் குறிப்பேட்டுச் செயலிகளின் தோற்ற அமைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கள ஆய்வில் திரட்டும் சொற்களையும் ஆவணப் படிகளையும் கணினிக் குறிப்பேட்டில் பதியும் வழக்கம் தமிழாய்வில் பெருகியுள்ளது. அச்செயலிகளின் எழுத்துரு, வரி இடைவெளி, நிறம் ஆகியவை பெரும்பாலும் விருப்பம் சார்ந்த அழகூட்டல்களாகவே கருதப்படுகின்றன. தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை அவை வாசிப்பின் துல்லியத்தோடு தொடர்புடையவை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. தூத்துக்குடி முத்துக்குளித்துறையின் தொழிற்சொற்களையும் ஆவணங்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் ஸிம், ஜோப்ளின் என்னும் இரு கட்டற்ற செயலிகளின் தோற்றத்தை ஆய்வுத் தேவைக்கேற்ப அமைக்கும் முறை விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: முத்துக்குளித்துறை, களக்குறிப்பு, லினக்ஸ், ஸிம், ஜோப்ளின், எழுத்துரு, ஒருங்குறி.

முன்னுரை

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்பே இப்பகுதியின் இறுதி முத்துக்குளிப்பாகும். 1961இல் இருபது வயதில் கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்தவர் இன்று எண்பது வயதைக் கடந்திருப்பார். சங்கு குளித்தல் அதன் பின்னரும் தொடர்ந்தமையால் இரு தொழில்களுக்கும் பொதுவான சொற்கள் சில வழக்கில் உள்ளன. முத்துக்கே உரிய சொற்களை நேரில் கேட்டுப் பதியும் காலமோ முடியும் தறுவாயில் உள்ளது. இன்று தவறாகப் பதியப்படும் ஒரு சொல்லைச் சில ஆண்டுகள் கழித்துச் சரிபார்க்க விரும்பினால், மீண்டும் சென்று கேட்பதற்குச் சொன்னவர் இருப்பார் என்னும் உறுதியில்லை.

இத்தகைய சூழலில் குறிப்பேடு என்பது ஆய்வின் முதன்மைச் சான்றாகிறது. அதில் ‘வலை’ என்று பதிந்தது ‘வளை’ என்று படிக்கப்பட்டால் மீன்பிடி வலையைப் பற்றிய செய்தி சங்கு வளையைப் பற்றிய செய்தியாகிவிடும். இவ்விரண்டும் இக்கடற்கரையில் புழங்கும் சொற்களாதலால் தொடரின் பொருள் கொண்டும் பிழையை எளிதில் கண்டறிய இயலாது. ஓர் எழுத்து திரையில் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பது, ஆகவே, ஆய்வு முறையியல் சார்ந்த கேள்வியாகும். அக்கேள்விக்குச் செயலியின் தோற்ற அமைப்பு எந்த அளவுக்கு விடை தர இயலும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

உரையும் உருவமும்

எழுத்தின் உருவம் பற்றிய அக்கறை இக்கடற்கரைக்குப் புதிதன்று. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலை உருவாக்கிய அன்றீக் அடிகளார் புன்னைக்காயலில் தங்கிப் பணியாற்றியவர். அச்சு நூலில் உரையையும் உருவத்தையும் பிரிக்க இயலாது. வார்த்த எழுத்தே தாளில் பதிகிறது. கணினியில் இவ்விரண்டும் வெவ்வேறாக இருக்க முடியும். ஆயினும் தமிழ்க் கணிமையின் தொடக்கக் காலத்தில் அவை பிரிந்திருக்கவில்லை.

ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றத்தைக் கொண்டிருந்தது. பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் அமைக்கப்பட்டிருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையே தெரியும். அதாவது, தோற்றம் அழிந்தால் உரையும் அழிந்ததற்கு ஒப்பாகும். இந்நிலையைச் சீர்செய்யத் தமிழக அரசு 1999இல் டாம், டாப் குறியேற்றங்களைத் தரப்படுத்தியது; 2010இல் ஒருங்குறியையும் டேஸ் 16 குறியேற்றத்தையும் ஏற்றது. ஒருங்குறியில் ‘க’ என்னும் எழுத்துக்குரிய எண் எந்த எழுத்துருவிலும் மாறாது. மாறுவது அதன் வடிவமே.

இப்பிரிவின் பயனை 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் நன்கு காட்டும். அதற்கு முந்தைய அச்சு நூல்களிலும் கையெழுத்துக் கணக்கேடுகளிலும் ‘லை’, ‘ளை’, ‘ணை’, ‘னை’ ஆகியவை மேலே வளைந்த கொம்புடன் எழுதப்பட்டன. ஒருங்குறியில் பழைய வடிவுக்கும் புதிய வடிவுக்கும் தனித்தனி எண்கள் இல்லை. எனவே 1961க்கு முந்தைய ஓர் ஆவணத்தை இன்றைய எழுத்துருவில் படியெடுத்தாலும் உரை மாறுவதில்லை. பழைய வடிவத்தைக் காட்ட விரும்பினால் அதனைக் கொண்ட எழுத்துருவுக்கு மாறினால் போதும். உரையை எளிய வடிவில் சேமித்து, தோற்றத்தைத் தனிக் கோப்பில் வைக்கும் செயலிகள் ஆய்வாளருக்குப் பொருந்துவதற்கு இதுவே காரணம்.

ஸிம், ஜோப்ளின்: அடிப்படை வேறுபாடு

ஸிம் செயலி ஒவ்வொரு குறிப்பையும் அடைவுக்குள் தனி உரைக்கோப்பாகச் சேமிக்கிறது. செயலியே இல்லாத கணினியிலும் எந்த உரைத்திருத்தியைக் கொண்டும் அக்கோப்பைப் படிக்கலாம். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட இச்செயலி, ஜிடிகே கருவித்தொகுப்பைப் பயன்படுத்துவதால் நினைவகம் குறைந்த பழைய மடிக்கணினிகளிலும் தடையின்றி இயங்கும்.

ஜோப்ளின் குறிப்புகளை மார்க்டவுன் நடையில் எழுதச் செய்து, ஒரே தரவுத்தளக் கோப்பில் சேமிக்கிறது. வேண்டும்போது அவற்றை மார்க்டவுன் கோப்புகளாகவும் பிடிஎஃப் கோப்புகளாகவும் ஏற்றுமதி செய்யலாம். கைப்பேசிப் பதிப்பும் உள்ளமையால் களத்தில் எழுதியதை வீட்டுக் கணினியோடு ஒத்திசைக்க இயலும். எலக்ட்ரான் என்னும் உலாவிசார் கட்டமைப்பில் அமைந்திருப்பதால் அதற்கு நினைவகம் கூடுதலாகத் தேவைப்படும். அதே காரணத்தால் இணையப் பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் நடைத்தாள்களை அது ஏற்கிறது.

தோற்றத்தை மாற்றும் இடமும் இரண்டிலும் வேறுபடும். ஸிம் செயலியில் ‘ஸ்டைல்’ என்னும் பெயர் கொண்ட அமைப்புக் கோப்பு, பயனரின் இல்ல அடைவிலுள்ள ‘.கான்ஃபிக்’ அடைவுக்குள் ‘ஸிம்’ என்னும் உள்ளடைவில் இருக்கும். ‘.கான்ஃபிக்’ மறைக்கப்பட்ட அடைவாதலால், க்னோம் கோப்பு மேலாளரில் கன்ட்ரோல், எச் ஆகிய இரு விசைகளையும் சேர்த்து அழுத்தினால்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த அமைப்புக் கோப்பில் எழுத்துரு, வரி இடைவெளி, தலைப்புகளின் அளவு, முனைப்புறுத்திய பகுதியின் பின்னணி நிறம் ஆகியவற்றை வரிக்கு ஒன்றாக எழுதலாம். சாளரத்தின் பட்டிகளும் பொத்தான்களும் ஜிடிகே தோற்றக்கருவைப் பின்பற்றும்.

ஜோப்ளினில் இரு நடைத்தாள்கள் உள்ளன. ‘யூசர்ஸ்டைல்’ என்னும் தாள், குறிப்பு வாசிப்பு நிலையில் காட்டப்படும் தோற்றத்தை ஆளும். ‘யூசர்குரோம்’ என்னும் தாள், பக்கப்பட்டி, குறிப்புப் பட்டியல், எழுதும் பகுதி ஆகியவற்றைக் கொண்ட செயலிச் சாளரத்தை ஆளும். ‘டூல்ஸ்’ பட்டியில் ‘ஆப்ஷன்ஸ்’, அதனுள் ‘அப்பியரன்ஸ்’ பகுதியின் மேம்பட்ட அமைப்புகளில் இவ்விரு தாள்களையும் திறக்கலாம். மாற்றம் செய்தபின் செயலியை மூடித் திறத்தல் வேண்டும். முதல் தாள் தலைப்பு, பத்தி, மேற்கோள் போன்ற நிலையான கூறுகளைச் சுட்டுவதால் நீண்ட காலம் பயன்தரும். இரண்டாம் தாள் செயலியின் உள்கட்டமைப்புப் பெயர்களைச் சார்ந்திருப்பதால் புதிய பதிப்பு வரும்போது செயலிழக்கக் கூடும். ஆகவே ஆய்வுக்கு இன்றியமையாத அமைப்புகளை முதல் தாளிலேயே வைப்பது தக்கது.

எழுத்துருத் தேர்வு

லினக்ஸில் ஒரு செயலி கேட்கும் எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லையெனில், ஃபான்ட்கான்ஃபிக் என்னும் அமைப்பு கணினியிலுள்ள வேறொரு தமிழ் எழுத்துருவைத் தானாகவே எடுத்துத் தரும். பயனர் தாம் தேர்ந்த எழுத்துருவைப் பார்ப்பதாக எண்ணியிருக்க, திரையில் இருப்பது பிறிதொன்றாக இருக்கலாம். எழுதும் பகுதிக்கு ஒற்றையகல எழுத்துருவைத் தேரும்போது இது மிகுதியாக நேரும். ‘ர’, ‘ண’, ‘ஔ’ ஆகியவற்றின் இயல்பான அகலங்கள் பெரிதும் வேறுபடுவதால் ஒற்றையகல எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் இடம்பெறுவதில்லை. எனவே எழுத்துருவை வரையறுக்கும்போது முதலில் ஆங்கில எழுத்துருவையும் அடுத்துக் குறிப்பிட்ட தமிழ் எழுத்துருவையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுதல் வேண்டும். லோஹித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை ஆகியவை கட்டற்ற உரிமத்தில் கிடைப்பவை.

இவற்றுள் எது உகந்தது என்பதை அழகு கொண்டு முடிவு செய்யாமல், ஒரு சோதனைப் பக்கம் கொண்டு முடிவு செய்யலாம். அப்பக்கத்தில் பின்வரும் இணைகள் இடம்பெற வேண்டும்.

முதலாவது, ‘ர’ என்னும் எழுத்தும் ‘ா’ என்னும் துணைக்காலும். சில எழுத்துருக்களில் இவ்விரண்டையும் வேறுபடுத்துவது அடியிலுள்ள சிறு சாய்கோடு மட்டுமே. எழுத்துணரி கொண்டு பழைய நூல்களை உரையாக மாற்றும்போது ‘கொற்கை’ என்பது ‘கெரற்கை’ என்றாகிவிடுவதுண்டு. எழுத்துரு தெளிவற்றதாயின் இப்பிழை கண்ணுக்குத் தெரியாது; ‘கொற்கை’ என்று தேடினால் அக்குறிப்பு அகப்படவும் செய்யாது.

இரண்டாவது, ‘ஔ’ என்னும் ஓரெழுத்தும் ‘ஒள’ என்னும் ஈரெழுத்தும். மூன்றாவது, தமிழ் எண்களும் அவற்றை ஒத்த எழுத்துகளும்: ௧–க, ௨–உ, ௭–எ, ௮–அ, ௰–ய. முத்தின் எடையும் படகுகளின் எண்ணிக்கையும் தமிழ் எண்களில் குறிக்கப்பட்ட கணக்கேட்டைப் படியெடுப்போர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. நான்காவது, குறில் நெடில் இணைகளான டு–டூ, மு–மூ, ழு–ழூ போன்றவை. வழக்கமாகப் படிக்கும் தொலைவிலிருந்து இவ்விணைகள் அனைத்தும் ஐயமின்றி வேறுபட்டுத் தெரியும் எழுத்துருவே களக்குறிப்புக்கு உரியது.

வரி இடைவெளி, சாய்வு, நிறம்

ஆங்கில உரைக்கென அமைந்த இயல்பான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேல்வரியில் ‘கு’, ‘ஞு’, ‘மூ’ ஆகியவற்றின் கீழ்வளைவு, கீழ்வரியிலுள்ள மெய்யெழுத்தின் புள்ளியையோ இகரக் கொக்கியையோ நெருங்கும். புள்ளி மறைந்தால் ‘பார்’ என்பது ‘பார’ எனப் படிக்கப்படும். எழுத்தின் அளவைப் போல 1.6 முதல் 1.8 மடங்கு வரை வரியுயரம் வைத்தால் இந்நெருக்கம் நீங்கும். ஜோப்ளினின் நடைத்தாளில் ‘லைன்-ஹைட்’ என்னும் பண்பிலும், ஸிம் அமைப்புக் கோப்பில் ‘லைன்ஸ்பேசிங்’ என்னும் மதிப்பிலும் இதனை மாற்றலாம்.

தமிழ்ச் சொற்கள் ஒட்டுநிலையால் நீள்வதால் இரு பக்கமும் ஒழுங்குபடுத்திய பத்தியில் சொற்களுக்கிடையே பெரிய இடைவெளிகள் விழும். குறிப்பேட்டில் இடப்பக்க ஒழுங்கே தக்கது.

மார்க்டவுனில் ஒற்றை உடுக்குறியிட்ட பகுதி சாய்வெழுத்தாகக் காட்டப்படும். தமிழ் அச்சு மரபில் சாய்வெழுத்துக்கு இடமில்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அதற்கெனத் தனி வடிவங்களும் இல்லை. செயலி நேர் வடிவத்தைச் செயற்கையாகச் சாய்க்கும்போது, மேற்சொன்ன ‘ர’, ‘ா’ வேறுபாட்டைத் தாங்கும் சாய்கோடு தன் தனித்தன்மையை இழக்கிறது. எனவே ‘யூசர்ஸ்டைல்’ தாளில் அழுத்தக் கூறின் எழுத்துநடையை ‘நார்மல்’ என்று மாற்றி, அதற்கு ஈடாக அடிக்கோட்டையோ நிறத்தையோ அமைப்பது நன்று.

இருள்நிறத் தோற்றக்கரு இரவில் கண்ணுக்கு இதமாக இருப்பினும், மெல்லிய கோடுகள் கொண்ட எழுத்துருவில் புள்ளியும் கொக்கியும் மங்கும். கடற்கரை வெயிலிலும் படகுத் துறையிலும் திரையைப் பார்க்க நேர்வோர் வெளிர்ப் பின்னணியில் கருமை எழுத்தைத் தேர்வதே ஏற்றது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5க்கு 1 என இருத்தல் வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை நெறிமுறைகளில் இரண்டாம் நிலையின் வரையறை; அதனைக் குறிப்பேட்டுக்கும் அளவுகோலாகக் கொள்ளலாம்.

மூவகைச் செய்தி, மூவகைத் தோற்றம்

களக்குறிப்பில் மூவகைச் செய்திகள் கலந்து வருகின்றன: தகவலாளர் கூறியது, ஆவணத்தில் உள்ளது, ஆய்வாளர் உய்த்துணர்ந்தது. ஆண்டுகள் கழித்து ஆய்வேட்டை எழுதும்போது தம் ஊகத்தையே தகவலாளர் கூற்றாக எடுத்துக்கொள்ளும் இடர் இக்கலப்பால் நேர்கிறது. தோற்ற அமைப்பின் பெரும்பயன் இவ்விடத்தில்தான் உள்ளது.

ஜோப்ளினில் தகவலாளர் கூற்றை மேற்கோள் பத்தியாக எழுதி, அதற்கு இடப்புறம் தடித்த கோடும் வெளிர் பின்னணியும் அமைக்கலாம். ஆவணப் படியை நிரல்பத்தியாக எழுதலாம். அதில் வரிப்பிரிப்பு உள்ளவாறே காக்கப்படும், உரையிலுள்ள குறிகளைச் செயலி மாற்றிப் பொருள்கொள்வதும் இல்லை. புள்ளியில்லாத சுவடியில் ‘முதது’ என்றிருப்பதை அவ்வாறே நிரல்பத்தியில் தந்து, ‘முத்து’ என்னும் திருத்த வடிவத்தை அதன்கீழ் இயல்பான பத்தியில் தரலாம். ஆய்வாளரின் ஊகத்தை இருபுறமும் இரட்டைச் சமக்குறியிட்டு எழுதினால் அது முனைப்புறுத்திய பகுதியாகத் தோன்றும். ஸிம் செயலியில் இரட்டை அடிக்கோட்டுக் குறி முனைப்புறுத்தலையும், இரட்டை ஒற்றைமேற்கோள் குறி நேர்ப்படியையும் குறிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். தூத்துக்குடிக்கு எதிரே கடலடியிலுள்ள சிப்பித் திட்டுகள் ‘பார்’ எனப்படும். அவற்றுள் ஒன்றின் பெயரை ஆங்கில அறிக்கைகள் ரோமன் எழுத்தில் தருகின்றன. அவ்வெழுத்தில் குறில் நெடில் வேறுபாடும் லகர ளகர வேறுபாடும் புலப்படாமையால் அப்பெயரைத் தொலையிரம், தோலாயிரம், தொள்ளாயிரம் என மூவகையிலும் படிக்க இடமுண்டு. ஆய்வாளர் இவற்றுள் ஒன்றை மட்டும் இயல்பான எழுத்தில் எழுதிவிட்டால், பின்னாளில் அது முடிந்த முடிபாகவே தோன்றும். ரோமன் வடிவத்தை நிரல்பத்தியிலும், மூத்த மீனவர் ஒலித்த வடிவத்தை மேற்கோளிலும், சொற்பிறப்புக் கருத்தை முனைப்புறுத்திய பகுதியிலும் தந்தால் எது சான்று, எது கருத்து என்பது பார்த்த அளவில் விளங்கும்.

இம்முறையின் வலிமை நிறத்தில் இல்லை, குறியில் உள்ளது. நடைத்தாள் தொலைந்து நிறங்கள் அனைத்தும் மறைந்தாலும் மேற்கோள் குறி, நிரல்குறி, சமக்குறி ஆகியவை எளிய உரையில் எஞ்சி நிற்கும். சொற்செயலியில் சிவப்பு, நீலம் என்று வண்ணம் தீட்டி வகைப்படுத்திய குறிப்பை எளிய உரையாக மாற்றினால் வகைப்பாடு முழுவதும் அழிந்துவிடும்.

பழங்கணக்குக் குறியீடுகள்

பழைய கணக்கேடுகளில் முந்திரி, காணி, மா முதலிய கீழ்வாய்ப் பின்னங்களுக்குத் தனிக் குறிகள் வருகின்றன. இவை 2019இல் வெளியான ஒருங்குறி 12ஆம் பதிப்பின் தமிழ் இணைப்புத் தொகுதியில் 51 குறிகளுள் அடங்கின. வழக்கமான தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் இக்குறிகள் இல்லாமையால் திரையில் வெற்றுக் கட்டங்களே தோன்றும். நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்னும் எழுத்துருவை நிறுவி, நடைத்தாளில் முதன்மைத் தமிழ் எழுத்துருவுக்கு அடுத்து அதன் பெயரைச் சேர்த்தால் இக்குறை நீங்கும். வெற்றுக் கட்டம் தெரிவதைக் கண்டு குறியை நீக்கி, தசமப் பின்னத்தை எழுதிவிடுவது சான்றைச் சிதைப்பதாகும்; அங்கே குறைபாடு உரையில் இல்லை, எழுத்துருவில் உள்ளது.

தோற்ற அமைப்பின் எல்லைகள்

தோற்றத்தால் தீராத சிக்கல்களும் உள. ‘ொ’ என்னும் உயிர்க்குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். ‘ெ’, ‘ா’ என்னும் ஈரெண்களாகவும் எழுதலாம். ஒருங்குறி இரண்டையும் நிகரெனக் கொள்கிறது. திரையிலும் அவை ஒன்றாகவே தோன்றும். ஆனால் தேடலின்போது இந்நிகர்மையைக் கருதாத மென்பொருளில் ஒன்று அகப்பட, மற்றொன்று விடுபடும். எந்த எழுத்துருவும் இதனைக் காட்டித் தராது. ஒரே விசைப்பலகை முறையைத் தொடர்ந்து பயன்படுத்துவதும், பிறவிடத்திலிருந்து ஒட்டிய உரையை இயல்பாக்கிக் கொள்வதுமே இதற்குத் தீர்வு.

இரண்டாவது, நடைத்தாள் குறிப்போடு தானாகப் பயணிப்பதில்லை. குறிப்புகளை நெறியாளருக்கோ நூலகத்துக்கோ அளிக்கும்போது நடைத்தாள், பயன்படுத்திய எழுத்துருக்களின் பெயர்கள், மூவகைக் குறிகளின் பொருள் ஆகியவற்றை ஒரு பக்க விளக்கமாக எழுதி இணைத்தல் வேண்டும்.

முடிவுரை

குறிப்பேட்டுச் செயலியின் தோற்றத்தை அமைப்பது தமிழ்க் கள ஆய்வில் வாசிப்புப் பிழையைக் குறைக்கும் ஒரு வழி என்பது மேற்கண்டவற்றால் பெறப்படுகிறது. ஒத்த வடிவ எழுத்துகளைச் சோதித்து எழுத்துருவைத் தேர்தல், புள்ளியைக் காக்கும் வரியுயரம் வைத்தல், சாய்வெழுத்தை நீக்கல், கூற்றையும் ஆவணத்தையும் ஊகத்தையும் குறியாலும் தோற்றத்தாலும் பிரித்தல் ஆகிய நான்கும் இன்றியமையாதவை. குறிப்புகள் பல்லாண்டு நிற்க வேண்டுமெனக் கருதுவோர்க்கும் பழைய கணினி உடையோர்க்கும் ஸிம் பொருந்தும். கைப்பேசியிலும் எழுத விரும்புவோர், ஆண்டுக்கு ஒருமுறையேனும் மார்க்டவுன் ஏற்றுமதி செய்துகொள்வதாயின், ஜோப்ளினைக் கொள்ளலாம். இந்த அமைப்புகளைச் செய்ய ஒரு பிற்பகல் போதும். முத்துக்குளித்தலை நேரில் அறிந்தோர் அருகிவரும் இக்காலத்தில், களத்துக்குச் செல்லும் முன்பே அதனைச் செய்து முடிப்பது நலம்.